முதுகில் அரிசி

"குகைக்குள்ளை அடுப்பு மூட்டி அண்ணை பொங்கப் போறார் போல," என்றாள் பக்கத்து வீட்டு மாக்கிரட். நாங்கள் இருவரும் யன்னலடியில் நின்று சிரித்தோம்.

கீழே போர்கோ வெக்கியோச் சந்தைக்கு நடுவால், மேல்மாடிப் பேரின்பம் அண்ணையும் குகனேஸ்வரி அக்காவும் நடந்து போனார்கள். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அண்ணையின் முதுகில் கம்பி வைத்த ஒரு பழைய பை. மேலே பச்சைத் துணியால் மூடியிருந்தது. உள்ளே அரிசி. ஐந்து கிலோப் பை இரண்டு, ஒரு கிலோப் பை ஒன்று. அக்கா படியில் வைத்து அடுக்கியதை என் கண்ணாலே பார்த்தேன்.

செப்ரெம்பரில் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக்கு நடக்கப் போகிறார்களாம். இங்கே எங்கள் பலெர்மோ நகரத்து மலையில் இருக்கிற குகை இல்லை. அதற்கு எங்கள் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு ஏறி இறங்கும். இது தூரத்துக் குயிஸ்குயினாக் குகை. காடு மலை தாண்டி எட்டு ஒன்பது நாள் நடை. அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

வேலை முடிந்து வந்தால் நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பிரான்காச்சோ வரைக்கும் நடப்பார்கள். பஸ் பக்கத்தால் போகும், ஏறமாட்டார்கள். பாதி வழியில் பை அக்காவின் முதுகுக்கு மாறும். திரும்பி வந்து எங்கள் கட்டடத்துப் படியை மூன்று தரம் ஏறி இறங்குவார்கள். கப்பல் எத்தனை மணிக்கு, மாமா என்று சந்தை மீன்காரனும் பகிடி பண்ணினான். அண்ணை கையைக் காட்டிவிட்டுப் போனார்.

பக்திக்குச் சத்தம் இருக்கக் கூடாது என்று கொன்வென்ரில் மதர் எங்களுக்குப் படிப்பித்தார். இவர்களுடைய பக்திக்கோ ஊர்வலம் வேண்டும்.

எனக்கு எரிச்சல் வர வேறு காரணமும் இருந்தது. அந்தக் குகைக்கு உண்மையில் போகவேண்டியவள் நான்.

என் மகள் ஜெனனி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த நாட்களில், பிள்ளை தப்பினால் குயிஸ்குயினாவுக்கு நடந்தே கொண்டு வருகிறேன் என்று நேர்ந்தேன். பக்கத்தில் இருந்து அதைக் கேட்டவர் குகனேஸ்வரி அக்கா.

பிள்ளை தப்பினாள். என் நாரி எலும்பு தப்பவில்லை. நடக்கலாம், பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். என் கணவருக்கு றெஸ்ரோறன்ரில் லீவு கிடையாது. மூன்று வருடம் ஓடிவிட்டது. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் போதும், நேர்த்திக்கடன் வாசலில் வந்து நிற்கிறது என்று விடிய விடிய முழித்திருப்பேன்.

இதெல்லாம் தெரிந்தும் அக்கா, நீயும் வருகிறாயா என்று ஒரு சொல் கேட்கவில்லை. சித்திரை வருசத்துக்குப் பலகாரம் கொண்டு வந்தபோது கேட்டது வேறு. ஜெனனி இப்போது எத்தனை கிலோ என்று கேட்டார். குறைமாதப் பிள்ளையின் நிறையைக் கேட்கிற கண் என்ன கண்? இரண்டரைக் கிலோவைக் குறைத்துச் சொன்னேன். அக்கா போன கையோடு செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். கொன்வென்ரில் படித்தால் என்ன, பயம் பயம்தானே.

ஓகஸ்ட் கடைசியில் ரோசத்தை விழுங்கிக்கொண்டு அக்காவைப் படியில் மறித்தேன். குகையில் என் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்த முடியுமா என்று கேட்டேன்.

அக்கா பையை இறக்கி வைத்து வியர்வையைத் துடைத்தார்.

"அது சரிவராது சுதா. உன்ரை நேர்த்தியை நாங்கள் எப்பிடிச் செய்யிறது? நேர்ந்த ஆள்தான் போகோணும்."

கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். இவ்வளவு அரிசிக்கு இடமிருக்கிற பையில் ஒரு மெழுகுதிரிக்கு இடமில்லையாம் என்று மாக்கிரட்டிடம் சொன்னேன். அவள் அதைக் கோயில் வாசலில் எல்லாருக்கும் சொன்னாள். நான் தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு விடிய வாசல் மணி அடித்தது. திறந்தால் அண்ணையும் அக்காவும் அந்தப் பையோடு நின்றார்கள்.

"பிள்ளையை எழுப்பு," என்றார் அக்கா. "இண்டைக்கு ஒருக்கா இவளோடை மலை ஏறிப் பாப்பம். சரிவந்தால் வாற கிழமை வெளிக்கிடுவம். நாளைக்கே நீ வேலை செய்யிற வீட்டுச் சினோராட்டைப் பத்து நாள் லீவு கேள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா பச்சைத் துணியை விலக்கினார். உள்ளே அரிசி இல்லை. ஒரு சின்ன இருக்கை இருந்தது. கால் விட இரண்டு ஓட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே கட்ட இரண்டு பட்டி. அண்ணை வேலை செய்கிற வீட்டுக்காரர் பேரப்பிள்ளையைத் தூக்கித் திரிந்த பையாம்.

"நீ நடப்பாய்தானே. தூக்கத்தானே ஏலாது," என்றார் அக்கா.

"ஏன் அக்கா முதலே சொல்லேல்லை?"

"எங்களாலை ஏலுமோ எண்டு எங்களுக்கே தெரியாது. உனக்குச் சொல்லிப்போட்டு இடையிலை விட்டால் நீ தாங்குவியோ? அதுதான் இவளின்ரை நிறைக்கு அரிசியை வைச்சு நடந்து பாத்தனாங்கள்."

நித்திரை கலையாத ஜெனனியை இருக்கையில் இருத்திப் பட்டியைக் கட்டினார் அக்கா. அண்ணை பையைத் தோளில் மாட்டி எழும்பினார். முழங்கால் மடிந்தது. படிக் கைப்பிடியைப் பிடித்து ஒருவாறு நிமிர்ந்தவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"பதினொரு கிலோ எண்டல்லோ சொன்னனி, பிள்ளை."