இரண்டு மதிலுக்கும் ஓர் ஓட்டை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், குஞ்சுகளே. உடுவிலில் ஒரு கை செய்த வேலையைச் சொல்லப்போகிறேன். தேத்தண்ணீர் ஆற முதல் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குகநேசன் முற்றத்தில் குந்தியிருந்து, சைக்கிள் கம்பியை நெருப்பில் காய்ச்சி, மகள் கஜானி செய்த தாவரக் கல உருவத்துக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட ஒப்படை அது. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் பெட்டி மாதிரி ஒரு சுவர். உள்ளே நீலத் தண்ணீர் கட்டிய பொலித்தீன் பை, பச்சைப் போத்தல் மூடிகள், பாதியாய் வெட்டிய ஒரு பந்து. பந்துதான் கருவாம்.

"வடிவாக் கட்டின சுவரை ஏன் பிள்ளை ஓட்டை போடச் சொல்லுறாய்?"

"ஓட்டை இல்லாட்டிக் கலம் தனிச்சுப் போமெல்லே, அப்பா. பக்கத்துக் கலத்தோடை குடுக்கல் வாங்கல் வேண்டாமே?"

குகநேசன் கம்பியைத் திரும்பவும் நெருப்பில் வைத்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் மதில் நின்றது.

ஒரு மதில் இல்லை, இரண்டு. பங்குக் கிணற்றில் யாருடைய வெங்காயத்துக்கு முதலில் தண்ணீர் இறைப்பது என்று தமையன் தவராசாவோடு வாய்த்தர்க்கப்பட்டு, வேலியைப் பிடுங்கிவிட்டு இவர் ஒரு மதில் கட்டினார். "உவன்ரை மதில் எனக்கென்னத்துக்கு?" என்று அவர் தன் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டினார். நடுவில் பூனை மட்டும் போய்வருகிற இடைவெளி. இரண்டு வருடமாய் அண்ணனுக்கும் தம்பிக்கும் கதை இல்லை.

மழைவெள்ளம் போவதற்கு இரண்டு மதிலின் அடியிலும் ஒவ்வோர் ஓட்டை. இரண்டும் நேருக்கு நேர்.

பேசிவைத்து விட்ட ஓட்டைகளா? இல்லை. முந்தி இரண்டு வீட்டாரும் குனிந்து போய்வந்த வேலிப்பொட்டு இருந்த இடம் அது. கால்கள் நடந்து நடந்து நிலம் பள்ளமாகிவிட்டது. வெள்ளம் அதாலேதானே ஓடும்?

அந்த ஓட்டையைத்தான் இன்றைக்கு அடைக்கப்போகிறார்கள். "அவையின்ரை வெள்ளம் எனக்கு வேண்டாம்" என்று குகநேசன் சொல்ல, மேசன் கந்தப்பு வந்து சீமெந்துக் கலவையும் குழைத்தாயிற்று.

கஜானியின் கண் தன் கலத்தில் இல்லை. கந்தப்புவின் கலவையில் இருந்தது.

"அப்பா, பக்கத்துக் கலம் வித்தியா செய்யிறாள். ரெண்டையும் சேர்த்து வைச்சால்தான் ரீச்சர் புள்ளி போடுவா. ஓட்டையள் நேர் வரவேணும். அளவு குறிச்ச இந்த மட்டையை அங்காலை குடுக்கவேணும்."

வித்தியா, தவராசாவின் மகள்.

பிள்ளை மண்ணில் குப்புறப் படுத்து, மடித்த மட்டையை ஓட்டைக்குள் நீட்டிப் பார்த்தாள். தோள் முட்டியது.

"எட்டேல்லை. உங்கடை கைதானே நீளம்."

கந்தப்பு சாந்தகப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றார். குகநேசன் சாரத்தை மடித்துக்கொண்டு நிலத்தில் படுத்தார். மட்டையை வாங்கிக் கையை விட்டார். தன் மதில் தாண்டியது. இடைவெளி தாண்டியது.

மறுபக்கத்தால் ஒரு கை வந்து பிடித்தது.

சின்னக் கை இல்லை. வெங்காயத் தறையில் காய்த்துப்போன கை. அதன் சின்ன விரல் வெளிப்பக்கமாய் வளைந்திருந்தது.

தம்பியைப் பின்னுக்கு ஏற்றிச் சைக்கிள் ஓடப் பழகிய நாளில், விழுந்து வளைந்த விரல்.

மட்டை அந்தப் பக்கம் போனது. குகநேசனின் கை மட்டும் போன இடத்திலேயே கிடந்தது.

கொஞ்ச நேரத்தால் மதிலுக்கு அங்காலே இருந்து ஒரு குரல்.

"என்னடா இது? மட்டையிலை ஒரு குறியும் இல்லை."

குகநேசன் தலையைத் திருப்பிப் பார்த்தார். கஜானி வலு மும்முரமாய், ஏற்கெனவே ஒட்டின போத்தல் மூடிக்கு மேலே திரும்பவும் பசை பூசிக்கொண்டிருந்தாள். அங்கால் வளவில் வித்தியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம்.

"தம்பி, கலவை இறுகுது" என்றார் கந்தப்பு. "அடைக்கிறதோ, இல்லையோ?"

வளைந்த விரல் திரும்பவும் வந்து குகநேசனின் உள்ளங்கையில் பட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கன்னம் மண்ணில் கிடக்க, கந்தப்புவை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"கை கிடக்குதெல்லே. எப்பிடி அடைக்கிறது?"

உங்கள் வீட்டு உலை குறையாமல் கொதிக்கட்டும், குஞ்சுகளே. நீங்கள் எந்த மதிலைக் கட்டினாலும், அங்கால் பக்கத்தால் உங்களுக்கும் ஒரு கை வரட்டும்.