கடைசி வார்த்தை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் இன்று மௌத்தாகப் போகிறார். அறிவித்தவரும் அவரே. டாக்டர் மட்டும் சாவெல்லாம் இல்லை, சாதாரணச் சளி என்றார்.

"கடைசி வார்த்தை கலிமாவா இருக்கணும், அப்பதான் ஈமானோட, நம்பிக்கை கெடாம, மௌத்து. நடுவுல நான் வேற பேச்சு பேசிட்டா, நீ மறுபடி எடுத்துக் குடு" என்று மனைவியைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்.

இறைவன் ஒருவனே என்று உறுதிசொல்லும் கலிமாவை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக் காத்திருந்தார். உயிரை எடுக்க யாரும் வரவில்லை.

"டீ எங்கடி?"

"போச்சு! மறுபடி முதல்லேர்ந்தா?" டீ போட்டு வந்து வைத்தாள். "நெஞ்சு கனமா இருக்குங்க. எனக்கும் சேர்த்து அல்லாஹ்கிட்ட ஒரு துஆ கேளுங்களேன்."

"உனக்கென்ன அவசரம்? வரிசைன்னு ஒண்ணு இல்லையா? கலிமாவைச் சொல்லு."

அவள் நாற்காலியில் சாய்ந்து நிதானமாகச் சொன்னாள். அவரும் சொல்லிக் கண்ணை மூடினார். அதன்பின் அவளிடமிருந்து ஒரு செருமல்கூட இல்லை. கலிமாவுக்கு அப்புறம் பேசக் கூடாதென்று இத்தனை வருஷத்தில் இன்றைக்காவது இவளுக்குப் புரிந்ததே என்று மெச்சிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து, "டீ ஆறிடுச்சு, சூடு பண்ணு" என்றார்.

 திரும்பி அவள் கையைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. கலிமாவோடு அவள் போய்விட்டிருந்தாள்.

டீயைச் சூடுபண்ண வீட்டில் வேறு ஆளில்லை.