நாற்பத்தோராவது இடம்

நாற்பத்தோராவது இடத்தில் அது இருந்தது.

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

நறுக்கிய நகத்துண்டு மாதிரி வளைந்து கிடந்தது. பால்சிபாரம். மலேரியாக் கிருமிகளில் ஆளைக் கொல்லக்கூடியது.

ஐந்து நாட்களுக்கு முன் இதே ரத்த ஸ்லைடை அவள்தான் பார்த்தாள். சூசைராஜ், விசைப்படகுத் தொழிலாளி. மூன்றாவது இடத்திலேயே வைவாக்ஸ் அகப்பட்டுவிட்டது. அதுவும் மலேரியாதான். அவ்வளவு பொல்லாதது இல்லை.

ஒன்று கிடைத்தாலும் ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி நூறு இடங்களையும் பார்த்து முடிக்க வேண்டும். கூடவே இன்னொரு வகை இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

அவள் பார்க்கவில்லை. 'வைவாக்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். லேப் டெக்னீஷியனாகப் பதினோரு வருஷ சர்வீஸ். கண் அவ்வளவு பழகிவிட்டதாம்.

அன்று கூட்டம்கூட இல்லை. அதை நினைக்கத்தான் அசிங்கமாக இருந்தது.

சூசைராஜ் நேற்றிலிருந்து நினைவில்லாமல் மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பழைய ரிப்போர்ட்டை வாங்கிப்போக அவர் மனைவி லூர்தம்மாள் வந்து நிற்கிறாள். அதனால்தான் ஸ்லைடை மறுபடி எடுத்தாள்.

“இவர் மாத்திரைய ஒழுங்கா முழுங்கிருக்க மாட்டாரு மேடம். வாய்ல அடக்கிவச்சுத் துப்பிருப்பாரு. நாலு நாளா திட்டித் தீத்துட்டேன். ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதுகூட திட்டுனேன்.”

ஸ்லைடைத் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

அப்படித் தோன்றியதே, அதற்கே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டருக்கு போன் போட்டாள். இரண்டும் இருக்கிறது சார், அன்றைக்கே இருந்திருக்கிறது, நான் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்றாள். அவர் நர்ஸைக் கூப்பிட்டபடியே போனை வைத்தார்.

அது பரவாயில்லை. இவளிடம் சொல்வதுதான் கஷ்டம். லூர்தம்மாளின் முகத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“மாத்திரைய அவர் ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்காரும்மா. அது வேற மாத்திரை. தப்பு என்னோடது. நான் முழுசாப் பாக்கல.”

திட்டுவாள் என்று காத்திருந்தாள். கை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

லூர்தம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அவருக்கு நினைவு திரும்புமா மேடம்? நான் அவர்ட்ட ஒண்ணு சொல்லணும்.”