ஏரிக்கரையில் ஒரு கசிவு

ஏரி நிரம்பித் ததும்பிய நேரத்தில் கரை எங்கோ கசியத் தொடங்கியது. இன்னொரு மழை பெய்தால் உடைந்துவிடும். "எலி வேலைதான், அவன் வளையை மூடுங்க" என்றார்கள் எல்லாரும்.

"பார்க்காம யார் தலையிலயும் பழியைப் போடக் கூடாது" என்று நண்டு பிடிவாதமாக நின்றது. கரைக்குள் போகும் வழியெல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பது தெரியாது. அதனால் ஏரிக்குள்ளிருந்த கெண்டையையும் வயல் பக்கமிருந்த தவளையையும் தேடச் சொல்லிவிட்டு, கரை மேல் காத்திருந்தது.

"கருவேல வேருக்குப் பக்கத்துல தண்ணி என் வாலை உள்ளே இழுக்குது அண்ணே" என்றது கெண்டை.

"மதகுக்கு வடக்கே சேறு சில்லுன்னு இருக்கு. வயல் தண்ணி இப்படிக் குளிராது, இது ஏரித் தண்ணி" என்றது தவளை.

நண்டு இரண்டு இடத்தையும் மனதுக்குள் கோடு போட்டு இணைத்துப் பார்த்தது. எலி வளை அந்தப் பக்கமே வரவில்லை. கோடு போன வழியில் ஒரே ஒரு வளைதான் இருந்தது. போன வாரம்தான் அது இன்னும் கொஞ்சம் அகலமாக்கப்பட்டிருந்தது.

"யார் வீடு அண்ணே அது?" என்றது தவளை.

நண்டு கொடுக்கை மடக்கிக்கொண்டது.

"என் வீடு. போய் எலியைக் கூட்டிட்டு வா. மண்ணைத் தள்ளி அடைக்க அவனை விட்டா ஆளில்லை."