நாமினியின் பிறந்த தேதி

கையெழுத்து அவளுடையதுதான்.

போட்டது அவள் இல்லை.

கப்பல் பயணத்துக்கான முன்பதிவுப் படிவத்தை அவன் செல்போனில் மூன்றாம் முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தான். கடைசி எழுத்தில் மேலே ஏறி, கொஞ்சம் யோசித்து, திரும்பி வருகிற அந்தச் சுழி. கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவனுக்கு அது கைவந்ததே இல்லை. ஒருமுறை அவளுக்குப் பதிலாக பேங்க் ஸ்லிப்பில் போட்டுப் பார்த்தான். கவுண்டரில் இருந்த அம்மாள் ஸ்லிப்பைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

“செல்வின் போட்டது,” என்றாள் அவள், சப்பாத்தி மாவு பிசைந்தபடி. “எல்லாருக்கும் அவன்தான் போட்டான். காலேஜ்லயே அப்பிடித்தான.”

செல்வின் அவள் வகுப்பின் ரெப், மாணவர் பிரதிநிதி. பாளையங்கோட்டையில் நான்கு வருடம், வராதவர்களுக்கெல்லாம் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்ட மகான். படிப்பு முடிந்து இருபது வருடமாகிவிட்டது. பதவி முடியவில்லை. இருபதாம் ஆண்டுச் சந்திப்பைக் கப்பலில் வைக்கலாம் என்றது செல்வின். குடும்பம் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும் என்றதும் செல்வின்.

சென்னையில் ஏறி சென்னையிலேயே இறங்க வேண்டும். அதற்கு ஐந்து நாள்.

அக்டோபர் பதினேழு முதல் இருபத்தொன்று வரை.

தேதியைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அவன் இல்லை என்று நினைத்தான்.

அவனுக்குப் பிறந்தநாள் இரண்டு. ஜூன் ஒன்று, பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் கொடுத்தது. ஆதாரிலும் அதுதான். பேங்க், பல் டாக்டர், அலுவலகம், எல்லோரும் அன்றைக்கு வாழ்த்துவார்கள். அவள் வாழ்த்த மாட்டாள்.

அக்டோபர் பத்தொன்பது, அவன் அம்மா பெற்றது. அம்மா போன பிறகு அந்தத் தேதி அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அன்று சேமியா பாயசம் இருக்கும். ஏன் என்று அவள் சொல்ல மாட்டாள். அவனும் கேட்க மாட்டான்.

படிவத்தைக் கீழே தள்ளினான்.

அவசரத் தொடர்புக்கு: செல்வின். உறவு: நண்பர்.

பயணக் காப்பீடு: வேண்டாம். அந்த டிக்கும் செல்வின்தான்.

காப்பீடு எழுநூற்று நாற்பது ரூபாய். அவன் விதிகளைப் படித்தான். பெட்டி தொலைந்தால் கிடைக்கும். கால் முறிந்தால் கிடைக்கும். புயல் வந்தால் பாதி கிடைக்கும். ரெப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு கட்டம் இருந்தது. நாமினி.

அந்தக் கப்பலில் அவன் பெயர் ஏற வேறு வழி இல்லை. அவள் செத்தால்தான் அந்தப் பெயருக்கு வேலை. பரவாயில்லை. வேலை இல்லாவிட்டாலும் பெயர் இருக்கட்டும்.

காப்பீட்டுப் படிவத்தை அச்செடுத்தான். நாமினியின் பெயர் எழுதினான். உறவு என்ற இடத்தில் ‘கணவர்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தி எழுதினான்.

நாமினியின் பிறந்த தேதி.

அதை மட்டும் காலியாக விட்டான். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு நேர் மேலே இருந்தது அந்தக் கட்டம். பார்க்காமல் இருக்க முடியாது.

“அஞ்சு நாளைக்கு எதுக்குங்க இதெல்லாம்,” என்று அவள் மாவு விரலோடு கையெழுத்துப் போட்டாள்.

பார்க்கவில்லை.

படம் எடுத்து டிராவல் ஏஜென்சிக்கு அனுப்பினான். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. பிறந்த தேதி விடுபட்டிருக்கிறது. அது போக, கையெழுத்து முன்பதிவுப் படிவத்தில் உள்ளதோடு பொருந்தவில்லை.

அவளிடம் காட்டினான். அவள் சிரித்துச் சிரித்துச் சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

“செல்வினுக்கு அனுப்புங்க. என் கையெழுத்த அவன்தான் சரியாப் போடுவான்.”

அவன் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

‘தம்பி, என் மனைவியின் கையெழுத்து வேண்டும்’ என்று எழுதினான். அழித்தான். ‘தம்பி, ஒரு உதவி’ என்று எழுதினான். அதையும் அழித்தான். எழுநூற்று நாற்பது ரூபாய் மிச்சம் என்று விட்டுவிடலாம். பெட்டி தொலைந்தால் தொலையட்டும்.

பெயரும் உறவும் மட்டும் எழுதிய புதுப் படிவத்தை, ஒரு வார்த்தை இல்லாமல் அனுப்பினான்.

இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது.

சுழி ஏறியது. யோசித்தது. திரும்பி வந்தது. அவள் மாவு விரலோடு போட்டதைவிட அவளாக இருந்தது.

அதற்கு நேர் மேலே, காலியாக இருந்த கட்டத்தில், அக்டோபர் பத்தொன்பது.

வருடத்தோடு.

கீழே ஒரு செய்தி.

“அண்ணே, ஒரு கட்டம் விட்டுப்போயிருந்துச்சு, நெரப்பிட்டேன். சர்ட்டிபிகேட்ல ஜூன்னு அவ சொன்ன ஞாபகம். எது போடணும்?”

அண்ணே. அத்தான் என்று கூப்பிட்டிருந்தால் ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

“போட்டுக் குடுத்துட்டானா?” சமையலறையிலிருந்து அவள் கேட்டாள்.

“ம்.”

“நான் சொன்னேன்ல.”

சப்பாத்தி ஒன்று கல்லில் விழுந்தது. உப்பி எழும் வாசனை வந்தது.

‘ஜூன் ஒன்று’ என்று அவன் தட்டினான். அனுப்பினான்.

செல்வினிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் ஒன்று வந்தது.

அவன் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று தட்டினான்.

‘மத்த தேதிய அழிச்சிருங்க.’