மாதாவுக்கு ஒரு வெள்ளி இதயம்

"எதுக்குங்க அதைப் போய்த் தேடிக்கிட்டு? நாலு மணி பஸ் போயிடும்," என்றாள் நுன்சியா.

கஸ்பாரே காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேராலயத்தின் தங்கக் கூரையையோ பளிங்குத் தூண்களையோ அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. மாதா பீடத்தின் பக்கச் சுவரில் வரிசை வரிசையாய்த் தொங்கிய வெள்ளி இதயங்களில்தான் அவன் கண்.

எல்லாம் அவன் அக்கா பண்ணின வேலை. உன் பெண்டாட்டி தோட்டை விற்று மாதாவுக்கு வெள்ளி இதயம் செய்து மாட்டியிருக்கிறாளாம், தட்டான் வீட்டில் சொன்னார்கள் என்று போன வாரம் காதில் போட்டுவிட்டாள். கடலில் செத்துப்போனான் என்று ஊரே நினைத்திருந்த கஸ்பாரே இந்த ஈஸ்டருக்குத்தான் திரும்பி வந்தான். அந்தச் சந்தோஷத்தில் மாட்டியிருப்பாள் என்று அவனாகவே முடிவு கட்டி, இரண்டு பஸ் மாறி அவளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

நுன்சியாவின் பெயரைச் சொல்லி அவன் விசாரித்ததும் கோயில்பிள்ளை எர்கோலே ஏணியோடு வந்தார். வயதானவர், கதை கேட்பதில் ஆசை. கதையளக்கக் கஸ்பாரேவுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

"மார்ட்டின் திருநாள், நவம்பர் பதினொண்ணு. ஊரே புது ஒயின் குடிக்குது, நாங்க கடல் தண்ணி குடிக்கிறோம். படகுல ஆறு பேர். பொழச்சது நான் ஒருத்தன்."

ஏதோ ஒரு கப்பல் தூக்கிப்போட்டுக்கொண்டு போனதாம். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் எங்கே இருந்தான், ஏன் ஒரு கடுதாசிகூடப் போடவில்லை என்பதை வழக்கம்போல இங்கேயும் தாண்டிப்போனான்.

அவன் கீழ் வரிசையில் தேட ஆரம்பித்ததும் நுன்சியா பெரியவரிடம் ஒதுங்கி வந்தாள்.

"அது வெறும் தகரம், ஐயா. மானமே போயிடும். இங்க இல்லேன்னு சொல்லிடுங்களேன்."

"இதுல என்னம்மா வெட்கம்? வேணும்னு கேக்கறவங்க மெழுகுவத்தி ஏத்துவாங்க. கேட்டது கிடைச்சவங்கதான் இதயம் மாட்டுவாங்க. உனக்குக் கிடைச்சிருக்கே."

அவள் ஒரு மெழுகுவத்தி வாங்கினாள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காததால் தீப்பெட்டி நழுவி விழுந்தது. பெரியவரே எடுத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். எப்போதோ கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாள்.

புது இதயங்களெல்லாம் கீழ் வரிசையில் பளபளத்தன. அத்தனையையும் கஸ்பாரே புரட்டிப் பார்த்துவிட்டான். அவள் பெயர் எதிலும் இல்லை. திரும்பி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"பொய்யா?"

"ஆமாங்க, பொய்தான்," என்றாள் சட்டென்று. "செய்யவே இல்ல. வாங்க, போகலாம்."

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்று அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

எர்கோலேயின் மனசு கேட்கவில்லை. பாவம், வாயில்லாத பெண், வீட்டுக்குப் போனதும் என்ன பாடு படப்போகிறாளோ என்று ஏணியை மேல் வரிசைக்கு நகர்த்தி ஏறினார். துடைத்துத் துடைத்துப் பார்த்தவர் வாசல் வரைக்கும் கேட்கக் குரல் கொடுத்தார்.

"தம்பி, நில்லுங்க. இதோ இருக்கு. நுன்சியா மரூல்லோ."

நுன்சியா அப்படியே நின்றுவிட்டாள்.

கஸ்பாரே ஓடிப்போய் இதயத்தை வாங்கிக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"அசல் வெள்ளி. அஞ்சு மாசத்துல இப்படியா கறுத்துப்போகும்?"

கட்டைவிரலால் தேய்த்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கோயில் முழுக்கக் கேட்கும்படி படித்தான்.

"கேட்ட வரம் கிடைத்தது, மாதாவே நன்றி. நவம்பர் பதினொண்ணு..."

அடுத்து இருந்த வருஷத்தை அவன் வாய்விட்டுப் படிக்கவில்லை. அது படகு மூழ்கிய வருஷம்.

மெதுவாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். நுன்சியா, மடங்காத அந்த இரண்டு விரல்களை மற்றக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.