இரண்டு பக்கமும் கறுப்பு

ஆட்கள் உட்காரும் ஸ்ரூல் சீமெந்துத் தரையில் விழுந்து உருண்ட சத்தத்தில் பார்த்தீபன் கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். உள்ளே வந்தவர் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டபடியே நடந்து வந்து ஸ்ரூலை இடறியிருக்கிறார்.

"தம்பி, வீடியோ மாத்திக் குடுக்கிறது இங்கையோ?"

வாசலில் ஆள் உயரத்துக்குப் பெயர்ப்பலகை தொங்குகிறது. வாசிக்காமல் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே தன் ஆயுளில் பாதி போய்விட்டதென்று பார்த்தீபன் நினைத்துக்கொண்டான். சாவகச்சேரியில் வீடியோ என்றால் என்னவென்று தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பதும், மற்றவர்கள் பட்டனை அமத்துகிற கூட்டம் என்பதும் அவனுடைய முடிவு.

"முதல்லை உதைக் கழட்டுங்கோ ஐயா. இது ஸ்ரூடியோ, றோட்டில்லை."

கழற்றினார். அறுபது வயதிருக்கும். பெயர் நடராசா, ஊர் உடுவில்.

"யாழ்ப்பாணத்தையும் தாண்டி உங்களைத்தான் தேடி வந்தனான், தம்பி."

வருகிற வழியில் பத்து ஸ்ரூடியோவாவது இருக்கும். அத்தனையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால் ஆளுக்குக் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று பட்டது. பையிலிருந்து ஒரு பழைய கைக்கமராவை எடுத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

போன கிழமை எடுத்த வீடியோவாம். பிடித்த கை நடுங்கியபடியே நடந்திருந்தது. இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒழுங்கையால் வந்து, படலையைத் திறந்து, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், வாழைகள், கடைசியில் முற்றத்தில் நெல் காயவைக்கும் மனைவி.

"வெளிநாட்டு ஆக்களுக்கு அனுப்போணும். எங்கடை இடத்தை அவை வடிவாப் பாக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அலறியது. பாரிஸிலிருந்து அக்கா சிவகௌரி. காணிக் கதையாகத்தான் இருக்கும்.

தை மாதத்துக்குள் கடையையும் அதன் பின்பக்கத்து வீட்டையும் விடச் சொல்லிவிட்டார் கட்டிடத்தின் சொந்தக்காரர். சொந்தக் காணி கிடைக்காவிட்டால் பார்த்தீபனின் ஸ்ரூடியோவும் வீடும் ஒன்றாகத் தெருவுக்கு வந்துவிடும். அக்காதான் வாங்கித் தருகிறாள். கலியாண வீடுகளுக்கு லைற்றும் மணவறையும் ஏற்றுகிற பெரிய வான் வாசல்வரை போகவேண்டும் என்பது மட்டும்தான் அவன் கேட்டது. மற்றப்படி தரகர்களின் பின்னால் திரிவது வேலையில்லாதவனின் வேலை. 'நீங்களே பாத்து முடியுங்கோ அக்கா' என்று சொல்லியாயிற்று. பிறகும் ஏன் எடுக்கிறாள்?

அழைப்பை வெட்டிவிட்டு நடராசாவிடம் திரும்பினான்.

"ஐயா, கவனமாக் கேளுங்கோ. உங்கடை படம் நாலுக்கு மூண்டு. இப்பத்தை ரீவி பதினாறுக்கு ஒன்பது. உள்ளபடி விட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதுதான் முறை."

"கறுப்பு வேண்டாம் தம்பி. திரை முட்ட இருக்கோணும்."

"அப்ப மேலையும் கீழையும் வெட்டோணும்."

"வெட்டாதேங்கோ. பக்கவாட்டிலை இழுத்து விடுங்கோ."

பார்த்தீபன் வாய்விட்டுச் சிரித்தான். "இழுத்தால் மூண்டடி நாலடியாத் தெரியும். பசுமாடு எருமையாகும். உங்கடை மனிசி இரண்டு சுத்துப் பருத்துப் போவா."

"பறவாயில்லை. அவ மெலிஞ்சு போனா எண்டுதான் பிள்ளையளுக்குக் கவலை."

"தெளிவும் வராது. ஐந்நூற்றுச் சொச்ச வரியிலை எடுத்ததை ஃபோர் கே ஆக்கினால் ஃபைல்தான் வீங்கும், படம் தெளியாது. எடுத்த அளவிலையே விடுறன்."

"விடுங்கோ. ஆர் உத்துப் பாக்கப் போகினம்."

இப்படிப்பட்ட சனத்துக்குக் கமரா விற்றவனைத்தான் உதைக்கவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பார்த்தீபன் படத்தை இழுத்தான். மாடு வீங்கியது. கிணறு குளமாயிற்று. மனைவியைப் பார்த்து நடராசா வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தான்.

நடராசா மனைவியைப் பார்க்கவேயில்லை. தொடக்கத்தில் வருகிற அரை நிமிடத்தை மட்டும் மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்தார்.

"நல்ல வடிவு, தம்பி."

"கண்றாவி," என்றான் பார்த்தீபன். "உங்களுக்குப் பிடிச்சால் சரி."

விழுந்த ஸ்ரூலை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் போனார். அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் எருமையான பசுவின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான் பார்த்தீபன்.

மறுநாள் மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது மறுபடியும் அக்கா. இந்த முறை இடக்கையால் எடுத்தான்.

"காணி சரி தம்பி. பேசி முடிச்சு முழுக்காசும் அனுப்பியாச்சு."

"எவடம்?"

"உடுவில்."

"எங்கையெண்டாலும் என்ரை வான் உள்ளுக்குப் போகோணும், அக்கா."

"தாராளமாப் போகும். வீடியோவிலை பாத்தனான், நல்ல அகல ஒழுங்கை."

பார்த்தீபனின் கை சோற்றிலேயே நின்றது.

"வீடியோவை நம்பியோ காசு போட்டனீங்கள்? ஆரையும் விட்டு நேரை பாத்திருக்கலாமே."

"ஏன் பாக்கோணும்? அந்த வீடியோவை மாத்திக் குடுத்ததே நீதானாம்."